மாட்டுக் கைமாவுக்குப் பதில் மீல்மேக்கர்: மலையில் ஏன் கைகூடுவதில்லை?

கேத்திக்காரன் | 3 டிசம்பர் 2023, காலை

மாட்டுக் கைமாவில் செய்த கட்லெட், உருண்டைக் குழம்பு, ஷெப்பர்ட்ஸ் பை (கைமா மேல் மசித்த உருளைக்கிழங்கைப் பரப்பிச் சுடுவது), சப்பாத்திக்கு வறுத்த கைமா எல்லாவற்றையும் மீல்மேக்கர் குருணைக்கு மாற்றணும். ஆறு பேருக்கான சமையல். பாக்கெட்டில் போட்டபடி வெந்நீரில் பத்து நிமிஷம் ஊறவைத்தால் வெளியே கூழ், நடுவில் ரப்பர். உருண்டை குழம்பில் கரைந்து போகுது. வறுத்தால் சோயாப் பயறின் பச்சை வாசம். மீல்மேக்கர் கைமாவுக்கு ஆகாது, இதுதான் என் கருத்து. இல்லை என்கிறவங்க அளவோடு சொல்லுங்க.

அருவங்காடு அடுப்படி | 3 டிசம்பர் 2023, மாலை

ஆகும் தம்பி. ஆனால் கைமாவுக்குள்ளே இருக்கிற மூன்று விஷயம் மீல்மேக்கரில் இல்லை: கொழுப்பு, ஒட்டும் தன்மை, வறுபட்ட வாசம். மூன்றையும் நாம்தான் தனித்தனியாகக் கொண்டுவந்து சேர்க்கணும். கைமாவை எடுத்துவிட்டு அதே இடத்தில் குருணையைக் கொட்டினால் நீங்கள் சொன்னபடிதான் ஆகும்.

முதலில் ஊறவைப்பது. பாக்கெட்டில் இருப்பது சமவெளிக் கணக்கு. ஊட்டி 2,240 மீட்டர் உயரம், அங்கே தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். குன்னூர் பக்கம் 94. அடுப்பை அணைத்து மூடிவைத்தால் டிசம்பர் குளிரில் அந்தச் சூடும் சீக்கிரம் இறங்கிவிடும். குருணையின் நடுப்பகுதி நனைவதற்குள் தண்ணீர் ஆறிப்போகுது, ரப்பர் அதனால்தான். அதனால் இங்கே ஊறவைக்க வேண்டாம், வேகவைங்க.

100 கிராம் குருணைக்கு ஒரு லிட்டர் தண்ணீர், இரண்டு டீஸ்பூன் உப்பு, தட்டிய இஞ்சி ஒரு துண்டு. தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு குருணையைப் போட்டு, அடுப்பு எரிய எரிய 7 நிமிஷம். பிறகு மூடி 10 நிமிஷம். வடித்து, பச்சைத் தண்ணீரில் அலசிப் பிழியணும். அலசிப் பிழிவதை மூன்று முறை செய்யுங்க. பயறு வாசத்தில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். பிழிந்த பிறகு ஏறக்குறைய 300 கிராம் நிற்கும்.

அந்த 300 கிராம், 400 கிராம் பச்சைக் கைமாவுக்குச் சமம். கைமா வேகும்போது நீரும் கொழுப்பும் இழந்து கால் பங்கு சுருங்கும். மீல்மேக்கர் சுருங்காது. எடைக்கு எடை போட்டால் பாத்திரம் நிறைந்து மசாலா பத்தாமல் போகும்.

அருவங்காடு அடுப்படி | 3 டிசம்பர் 2023, இரவு

ஒன்று விட்டுப்போச்சு. குருணையை விட உருண்டை மீல்மேக்கர் வாங்கி, வேகவைத்துப் பிழிந்து, மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டு நிறுத்துங்க. பெரிதும் சிறிதுமாக உடையும், கைமாவும் அப்படித்தான் இருக்கும். கடைக் குருணை எல்லாம் ஒரே அளவு, வாயில் வைத்ததும் தெரிந்துவிடும். இரண்டாவது சுற்று விட்டால் மாவாகிவிடும்.

அருவங்காடு அடுப்படி | 5 டிசம்பர் 2023

கொழுப்புக் கணக்கு. கடையில் அரைத்துத் தரும் அரைக்கிலோ மாட்டுக் கைமாவில் 75 முதல் 100 கிராம் வரை கொழுப்பு இருக்கலாம். மீல்மேக்கர் எண்ணெய் பிழிந்தெடுத்த சோயா மாவில் செய்வது, கொழுப்பு ஒரு சதவீதம்கூட வராது. கைமாவுக்கு ஊற்றிய அதே இரண்டு ஸ்பூன் எண்ணெயோடு நிறுத்தினால் வறண்டு போய் மரத்தூள் மாதிரி இருக்கும். அரைக்கிலோ கைமாவுக்கு ஈடாக 125 கிராம் காய்ந்த மீல்மேக்கர் எடுத்தால் எண்ணெய் நான்கு டேபிள்ஸ்பூன் வேணும். அது கூடுதல் மாதிரி தெரியும். கைமாவில் இருந்ததை விடக் குறைவுதான்.

எந்த எண்ணெய் என்பதிலும் விஷயம் இருக்கு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறையும். ஊட்டி, கொடைக்கானல் வீடுகளில் அது வருஷத்தில் பாதி நாள் கட்டியாகத்தான் கிடக்கும். கட்லெட்டுக்கு அது நல்ல வரம். உறைந்த தேங்காய் எண்ணெயைச் சுரண்டி, துணுக்குத் துணுக்காகக் கலவையில் கடைசியாகப் போட்டுக் கையின் சூடு படாமல் புரட்டுங்க. கல்லில் போட்டதும் துணுக்குகள் உள்ளேயே உருகிக் கசியும், கைமாவின் கொழுப்பு செய்கிற வேலையைச் செய்யும். வெளிநாட்டுக் கம்பெனிகளின் தாவரக் கறி டிக்கிகளிலும் (தட்டையான கட்லெட்) தேங்காய் எண்ணெய் சேர்ப்பது இதற்காகத்தான்.

குழம்புக்கும் வறுவலுக்கும் அது வேண்டாம். தட்டில் ஆறியதும் உறைந்து மேலண்ணத்தில் ஒட்டும். அங்கே கடலை எண்ணெய் அல்லது நல்லெண்ணெய்.

பண்ணைக்காடு காப்பித்தோட்டம் | 6 டிசம்பர் 2023

அக்கா சொன்ன மாதிரி இறுக்கிப் பிழிந்ததை நேரே குழம்பில் போட்டால் குழம்பை உறிஞ்சி இழுத்துவிடும், உப்பையும் சேர்த்து. அடுத்த வேளைக்குப் பார்த்தால் களி. கிரேவி வகைக்கு 100 கிராமுக்கு அரை டம்ளர் தண்ணீர் கூட்டி வைக்கணும்.

அருவங்காடு அடுப்படி | 6 டிசம்பர் 2023

அண்ணா சொல்வது சரி. அந்த அரை டம்ளரைப் பச்சைத் தண்ணீராக ஊற்றாமல், காளான் வெந்த தண்ணீரோ வெங்காயம் தக்காளி வேகவைத்த சாறோ ஊற்றினால் உறிஞ்சுகிறது ருசியையும் சேர்த்து உறிஞ்சும்.

இப்போது வறுபட்ட வாசம். ஈரம் இருக்கும்வரை கல்லில் சூடு 100 டிகிரியைத் தாண்டாது, 140க்கு மேல் போனால்தான் எதுவும் சிவக்கும். பிழிந்த மீல்மேக்கரை அகலமான இரும்புச் சட்டியில் எண்ணெயோடு, குவிக்காமல் பரப்பி, கிளறாமல் விடணும். 300 கிராமை இரண்டு தவணையாக, ஒவ்வொன்றும் எட்டிலிருந்து பத்து நிமிஷம். ஓரம் செம்பழுப்பானதும் எடுத்துத் தனியே வைங்க. அதே சட்டியில் சின்ன வெங்காயம் 200 கிராம் நன்றாகக் கருஞ்சிவப்பாகும் வரை. பிறகு இஞ்சி பூண்டு, தக்காளி, மசாலா. வறுத்ததைக் கடைசியில் சேர்க்கணும். எல்லாரும் செய்வது வெங்காயம், தக்காளி, அதற்கு மேல் ஈர மீல்மேக்கர். அது அவியும், வறுபடவே படாது.

கல்பாசி ஒரு சிட்டிகை. நம் மலை மரங்களில் படர்வதுதான். எண்ணெயில் முதலில் விட்டால் கறிக்குழம்பின் அடிவாசம் அதிலிருந்து வரும். கூடிப்போனால் கசக்கும், 300 கிராமுக்கு ஒரு கிராமே போதும். கொடைக்கானல் மலைப்பூண்டு கிடைத்தால் மற்ற பூண்டில் முக்கால் அளவு போடுங்க, காரம் அதிகம். 2019இல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு. மீதமிருக்கிற சோயா வாசத்தை அடக்குவதில் அதற்கு மிஞ்சியது இல்லை.

கேத்திக்காரன் | 10 டிசம்பர் 2023

வறுவல் நன்றாக வந்தது, ரப்பர் போச்சு. உருண்டை இன்னும் கரையுது அக்கா. கைமாவில் உப்புப் போட்டுப் பிசைந்தாலே இறுகிக்கொள்ளும். இதில் பிசையப் பிசைய உதிருது.

அருவங்காடு அடுப்படி | 10 டிசம்பர் 2023

உதிரத்தான் செய்யும். கறியில் உப்புப் போட்டுப் பிசையும்போது அதிலிருக்கும் ஒரு புரதம் கரைந்து வெளிவந்து பசையாகும், சூடு பட்டதும் இறுகும். மீல்மேக்கரை ஆலையிலேயே அழுத்தத்திலும் சூட்டிலும் வேகவைத்துவிடுகிறார்கள். அதன் புரதம் ஏற்கெனவே இறுகிப்போனது, இனிப் பசை விடாது. எவ்வளவு நேரம் பிசைந்தாலும் கைதான் வலிக்கும். பசையை வெளியிலிருந்து கொடுக்கணும்.

ஆறு பேருக்கு, 24 உருண்டை:

காய்ந்த மீல்மேக்கர் 150 கிராம், வேகவைத்துப் பிழிந்தால் 450. இதில் பாதியை ஒரு சுற்று விட்டுக் கொரகொரப்பாக வைங்க. மறுபாதியை வெண்ணெய் போல் நைசாக அரைங்க. முக்கியமான இடம் இதுதான், அரைத்த பாதி கொரகொரப்பைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும். பொட்டுக்கடலை மாவு 90 கிராம். வேகவைத்த உருளைக்கிழங்கு 120 கிராம். கருக வதக்கிய சின்ன வெங்காயம் ஒரு கைப்பிடி, தேங்காய்த் துருவல் மூன்று ஸ்பூன், சோம்பு, இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், கொத்தமல்லி. முட்டை சேர்க்கிற வீடு என்றால் ஒன்று. சேர்க்காதவர்கள் பொட்டுக்கடலை மாவை இன்னும் 20 கிராம் கூட்டுங்க. உப்பு ஒன்றரை டீஸ்பூன். அலசும்போது வேகவைத்த உப்பெல்லாம் போய்விடும் என்பதை மறக்காதீங்க.

பிசைந்து அரை மணி நேரம் மூடிவைங்க, மாவு ஈரத்தை இழுத்து இறுகட்டும். ஓர் உருண்டை பிடித்து அழுத்திப் பாருங்க. ஓரம் வெடித்தால் ஒரு ஸ்பூன் தண்ணீர், கையில் ஒட்டினால் ஒரு ஸ்பூன் மாவு. இட்லிக் கொப்பரையில் ஆவியில் வைங்க. சமவெளியில் 12 நிமிஷம் என்றால் இங்கே 15. ஆறிய பிறகு எண்ணெயில் மேலே மட்டும் சிவக்க விடுங்க.

குழம்பு தனியாகக் கொதித்து முடியணும். அடுப்பைத் தணித்து, பரிமாற ஐந்து நிமிஷம் இருக்கும்போது உருண்டையைச் சேருங்க. கைமா உருண்டையைப் பச்சையாகக் கொதிக்கும் குழம்பில் போடுவோம், அது வெந்து இறுகும். இதை அப்படிப் போடவே கூடாது. குன்னூர், வெலிங்டன் ஆங்கிலோ இந்திய வீடுகளில் உருண்டைக் குழம்புக்குத் துணையாக வைக்கிற மஞ்சள் தேங்காய்ப்பால் சோறு இதற்கும் அப்படியே பொருந்தும்.

கோத்தகிரி | 11 டிசம்பர் 2023

உருளைக்கிழங்கு புதுசா பழசா என்று சொல்லவில்லையே. மலையில் தோண்டிய உடனே வருகிற கிழங்கு தண்ணியா இருக்கும்.

அருவங்காடு அடுப்படி | 11 டிசம்பர் 2023

நல்ல கேள்வி அக்கா. புதுக்கிழங்கு வேண்டாம், வேகவைத்து மசித்தால் பசபசவென்று நீர் விடும். சில வாரம் வைத்திருந்த கிழங்கு மேல். புதுசுதான் இருக்கிறது என்றால் தோலோடு ஆவியில் வேகவைத்து, உரித்து, சூடான வெறும் சட்டியில் இரண்டு நிமிஷம் புரட்டி ஈரம் போக்கணும்.

அருவங்காடு அடுப்படி | 17 டிசம்பர் 2023

ஷெப்பர்ட்ஸ் பைக்கு மீல்மேக்கரை விட்டுவிடுங்க. அந்தப் பண்டத்துக்கு வேண்டியது மெல்லும் இறைச்சி இல்லை, கிழங்குக்கு அடியில் சாறோடு நிற்கிற கெட்டியான மசியல். தோலுள்ள முழு மைசூர் பருப்பும் மொட்டுக் காளானும் அதற்கு மீல்மேக்கரை விடப் பல மடங்கு மேல். காளானுக்கு நாம் வெளியே போக வேண்டாம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஊட்டி-1, ஊட்டி-2 ரகங்களே மொட்டுக் காளான்தான், நம் குளிருக்கு வளர்கிறது.

பருப்பு 200 கிராம், காளான் 300, கேரட் ஒன்று, பெரிய வெங்காயம் இரண்டு. மேலே பரப்ப உருளைக்கிழங்கு ஒரு கிலோ.

காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். பொடியாக நறுக்கி, எண்ணெய் இல்லாமல் அகலச் சட்டியில் போட்டு, தண்ணீர் விட்டு அது வற்றிச் சத்தம் மாறும்வரை வதக்கணும். அதற்குப் பிறகுதான் எண்ணெய். முதலிலேயே எண்ணெய் விட்டால் காளான் உறிஞ்சிக்கொள்ளும், சிவக்காது. பருப்பை உப்போடு தனியே வேகவைங்க. தக்காளியும் புளிப்பும் பருப்பு மசிந்த பிறகுதான். புளிப்பு பட்டால் தோல் இறுகிப் பருப்பு வேகாது. மலையில் ஏற்கெனவே வேக நேரமாகும், புளிப்பும் சேர்ந்தால் ராத்திரி வரை அடுப்படியிலேயே நிற்கணும்.

சோயா சாஸ் ஒரு டேபிள்ஸ்பூன், மிளகு, ஒரு ஸ்பூன் மைதா தூவிக் கெட்டியாக்கி, தட்டில் பரப்பி ஆறவிடுங்க. சூட்டோடு மேலே கிழங்கைப் பரப்பினால் உள்ளே அமிழ்ந்துவிடும்.

பண்ணைக்காடு காப்பித்தோட்டம் | 18 டிசம்பர் 2023

மைசூர் பருப்புக்குப் பதில் ராஜ்மா போடலாமா? எங்கள் பக்கம் மலை பீன்ஸ் விதைகள் நிறையக் கிடைக்கும்.

அருவங்காடு அடுப்படி | 18 டிசம்பர் 2023

போடலாம் அண்ணா, குக்கரில் வேகவைத்தால் மட்டும். இதை ஒவ்வொருவரும் கவனிக்கணும். சிவப்பு ராஜ்மாவில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் இருக்கு. அரைவேக்காட்டில் நாலைந்து விதை தின்றாலே வாந்தி, வயிற்றுப்போக்கு வரும். 80 டிகிரி மாதிரியான இளஞ்சூட்டில் நெடுநேரம் வைத்தால் அதன் வீரியம் குறைவதற்குப் பதில் அதிகரிக்கவும் கூடும். 100 டிகிரியில் குறைந்தது பத்து நிமிஷம், பாதுகாப்புக்கு அரை மணி நேரம் கொதிக்கணும் என்பது பொது விதி. நம் மலையில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100ஐத் தொடவே தொடாது. அதனால் இங்கே ராஜ்மாவுக்குத் திறந்த பாத்திரமும் வேண்டாம், மெதுவாக வேகவைக்கும் மின்பாத்திரமும் வேண்டாம்.

இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் குக்கர். ஊறும் தண்ணீரில் லிட்டருக்கு மூன்று டீஸ்பூன் உப்பு போட்டால் தோல் மெத்தென்று ஆகும். டிசம்பர் குளிரில் எட்டு மணி நேரம் பத்தாது, பன்னிரண்டு வேணும்.

குக்கரிலும் கணக்கு மாறும். வெயிட் ஒன்றுதான், வெளிக்காற்றின் அழுத்தம் ஊட்டியில் நான்கில் மூன்று பங்குக்குச் சற்றே கூட. அதனால் உள்ளே 120 டிகிரிக்குப் பதில் 116 வரைதான் ஏறும். சமவெளியில் 20 நிமிஷம் என்றால் இங்கே 25. விசில் எண்ணாதீங்க, அது குக்கருக்குக் குக்கர், தீக்குத் தீ மாறும். முதல் விசிலுக்குப் பிறகு தணலில் எத்தனை நிமிஷம் என்று கடிகாரத்தைப் பாருங்க. விதையை விரலால் நசுக்கினால் நடுவில் வெள்ளைப் பொட்டு இருக்கக்கூடாது.

கோத்தகிரி | 26 டிசம்பர் 2023

கட்லெட்டுக்கு ரஸ்க் தூளுக்குப் பதிலா ஊட்டி வர்க்கியை நொறுக்கிப் புரட்டலாம் என்று ஒருத்தர் சொன்னாங்க.

அருவங்காடு அடுப்படி | 26 டிசம்பர் 2023

தனி வர்க்கி வேண்டாம். அதிலேயே கொழுப்பும் சர்க்கரையும் இருப்பதால், உள்ளே சூடேறுவதற்குள் மேலே கருகிவிடும். பாதி வர்க்கி, பாதி ரஸ்க் என்று கலந்து, குறைந்த தீயில் பொரித்தால் அடுக்கடுக்காக மொறுமொறுப்பு வரும், நல்ல யோசனைதான். மழைக்காலத்தில் பாக்கெட் ரொட்டித்தூள் நமுத்துப்போகும். அப்போது ரவை மேல்.

கேத்திக்காரன் | 14 ஜனவரி 2024

கட்லெட், உருண்டை இரண்டும் நின்றது. கடையில் உறைபெட்டியில் விற்கிற தாவரக் கறி டிக்கி வாங்கிப் பார்த்தோம். சூட்டில் கெட்டியா இருக்கு, ஆறினதும் தொளதொள. கெட்டுப்போனதா?

அருவங்காடு அடுப்படி | 14 ஜனவரி 2024

கெட்டுப்போகவில்லை. பொட்டலத்தின் பின்னால் மெத்தில்செல்லுலோஸ் என்று இருக்கா பாருங்க. சூடானால் இறுகி, ஆறினால் இளகுவது அதன் குணம், கறிக்கும் முட்டைக்கும் நேர் எதிர். அந்த டிக்கியைச் சட்டியிலிருந்து நேரே தட்டுக்குக் கொண்டுவரணும். பள்ளிக்கூட டப்பாவுக்கு அது சரிவராது, பொட்டுக்கடலை மாவுக் கட்லெட்தான் சரி, ஆற ஆற இன்னும் இறுகும். பின்பக்கத்தில் உப்பின் அளவையும் பாருங்க. டிக்கியில் ஏற்கெனவே உப்பு சேர்ந்திருக்கும், மேலே மசாலா உப்புத் தூவ வேண்டாம்.

அருவங்காடு அடுப்படி | 21 ஜனவரி 2024

சத்து பற்றித் தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டதால் இங்கேயே எழுதுகிறேன்.

புரதத்தில் குறையில்லை. காய்ந்த மீல்மேக்கர் 100 கிராமில் 50 கிராமுக்கு மேல், நனைத்துப் பிழிந்தால் 100 கிராமுக்கு 17 வரும், கைமாவுக்குப் பக்கத்தில் நிற்கும். காளான் அப்படியல்ல, மூன்று கிராம்தான். காளானை மட்டும் போட்டுவிட்டுக் கறிக்கு ஈடு என்று பிள்ளைகளுக்குக் கொடுக்கக்கூடாது, கூடவே பருப்பு வேணும்.

இரும்புச்சத்து சோயாவிலும் பருப்பிலும் இருக்கு, ஆனால் மாட்டுக்கறியில் இருப்பது போல் உடம்பு எளிதில் ஏற்றுக்கொள்ளாது. எலுமிச்சை பிழிந்தால், கூடத் தக்காளியோ கொய்யாவோ இருந்தால் ஏற்கும் அளவு கூடும். தேநீர் அதைத் தடுக்கும். நம் மலையில் சாப்பாட்டுக் கையோடு டீ குடிப்பது எல்லா வீட்டிலும் வழக்கம். கறி சாப்பிடும்போதே அது நல்லதில்லை, கறியை விட்ட வீட்டில் கட்டாயம் மாற்றணும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து டீ. பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் இருக்கிற வீட்டில் இதை விடாப்பிடியாகச் செய்யுங்க.

வைட்டமின் பி12 இந்தப் பொருள்கள் எதிலும் இல்லை. பால், தயிர், முட்டை இருக்கிற வீட்டில் ஓரளவு கிடைக்கும். அவையும் இல்லை என்றால் மருத்துவரிடம் கேட்டு மாத்திரைதான்.

பண்ணைக்காடு காப்பித்தோட்டம் | 9 மார்ச் 2024

பலாமூசு (பிஞ்சுப் பலாக்காய்) வந்தாச்சு. தோட்டத்தில் இறக்குகிறோம். கைமாவுக்கு ஆகுமா?

அருவங்காடு அடுப்படி | 9 மார்ச் 2024

நார் நாராகப் பிரியும், அதனால் பிய்த்த கறிக்கு ஆகும். கைமாவுக்குத் தனியாக ஆகாது, புரதமும் இரண்டு மூன்று கிராம்தான். பிழிந்த மீல்மேக்கர் பாதி, பலாமூசு பாதி என்று கலந்தால் ஒன்றின் குறையை மற்றது சரிசெய்யும். மீல்மேக்கரின் வறட்சி குறையும், பலாவின் சொதசொதப்பும் குறையும். கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவி நறுக்கி, மஞ்சள் உப்புத் தண்ணீரில் போட்டு, குக்கரில் முதல் விசிலுக்குப் பிறகு ஆறு நிமிஷம். வடித்துத் துணியில் கட்டிப் பிழிந்த பிறகுதான் சட்டிக்குப் போகணும். விதை முற்றியிருந்தால் சுளையில் இனிப்பு ஏறியிருக்கும், அந்தக் காய் கட்லெட்டுக்கு வேண்டாம்.

கேத்திக்காரன் | 10 மார்ச் 2024

டெம்பே (வேகவைத்த சோயாவில் பூஞ்சை வளர்த்துக் கட்டியாக்குவது) வீட்டில் போட முயற்சி செய்கிறேன். மூன்று நாளாகியும் பூஞ்சை பிடிக்கவில்லை.

அருவங்காடு அடுப்படி | 10 மார்ச் 2024

குளிர்தான் காரணம். அதற்கு 30 டிகிரி ஒட்டிய சூடு ஒன்றரை நாள் விடாமல் வேணும். தெர்மோகோல் பெட்டியில் வெந்நீர்ப் பாட்டில் இரண்டு வைத்து, ஆறியதும் மாற்றுங்க. ஏறக்குறைய பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பிறகு பூஞ்சை தானே சூடு விடத் தொடங்கும், அப்போது பாட்டிலை எடுத்துவிட்டு மூடியைச் சற்றுத் திறந்து வைங்க. இல்லாவிட்டால் வெந்து செத்துப்போகும். மூன்று நாள் குளிரில் கிடந்ததை உபயோகிக்காதீங்க, வழவழப்போ கெட்ட வாசமோ இல்லாவிட்டாலும் கொட்டிவிடுங்க.

அவ்வளவு மெனக்கெட முடியாதவங்க டோஃபுவை (சோயாப் பனீர்) எடுங்க. பொட்டலத்தோடு உறைபெட்டியில் ஒரு இரவு, வெளியே எடுத்து உருகவிட்டு, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துப் பிழியணும். உள்ளே பனிக்கட்டி விட்ட துளைகளால் பஞ்சு போல் ஆகி, உதிர்த்தால் கைமா அளவுக்கே உதிரும். வறுவலுக்கு மிக நன்றாக இருக்கும். உருண்டைக்கு மீல்மேக்கர் கணக்கே, பொட்டுக்கடலை மாவு மட்டும் 20 கிராம் கூட.

கோத்தகிரி | 11 மார்ச் 2024

வேகவைத்துப் பிழிந்த மீல்மேக்கரை மொத்தமாகச் செய்து வைக்கலாமா? இங்கேதான் வெளியே வைத்தாலே ஜில்லென்று இருக்கே.

அருவங்காடு அடுப்படி | 11 மார்ச் 2024

வெளியே வைக்காதீங்க அக்கா. ஜில்லென்று நமக்குத் தெரிகிற 15 டிகிரி கிருமிக்குத் தாராளம். மீல்மேக்கர் நனைந்துவிட்டால் கறி மாதிரியே கெடும். பிழிந்ததும் ஃபிரிட்ஜில் மூடிவைத்து இரண்டு நாளுக்குள் தீர்க்கணும். மாதக் கணக்கில் வேண்டுமானால் உறைபெட்டியில், 300 கிராம் பொட்டலமாக, தட்டையாக அழுத்தி வைங்க. உருண்டையாகக் கட்டி வைத்தால் உருக நேரமாகும். கட்லெட்டை ஆவியில் வேகவைத்து, தூளில் புரட்டுவதற்கு முன்னால் உறையவைங்க. எடுத்து உருகவிடாமல், அப்படியே முட்டையிலோ மைதாக் கரைசலிலோ தோய்த்து, தூளில் புரட்டி, குறைந்த தீயில் பக்கத்துக்கு ஆறு நிமிஷம்.